கடப்பாரை வைக்கும் அறை

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் ஒரு காலை நம்ப முடியாது. இந்த ஸ்டூல் உறுதியானது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்து வாங்கி வரப் போயிருக்கிறார். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பத்து நிமிடத்தை நான் ஆறு ஆண்டுகளாக அறிவேன். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. பின்னறைச் சுவரில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடுகிறதே, அது நான் குடிவந்தபோதே இருந்தது. வளரவில்லை. இரண்டு முனையிலும் பென்சிலால் தேதி போட்டு வைத்திருக்கிறேன், நீங்களே பார்க்கலாம். அளந்து வைப்பது என் தொழில்.

வேலைக்கு ஆள் கிடைக்குமா என்றும் கேட்டீர்கள். கிடைக்கும். ஓபுளம்மா என்று ஒருத்தி. காலை ஆறரைக்கு வருவாள், எட்டுக்குள் முடித்துவிடுவாள். கை சுத்தம். வாய் அதைவிடச் சுத்தம், ஒரு சொல் கூடுதலாகப் பேச மாட்டாள். அவள் எப்படி இங்கே வந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கல்குவாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சாமான் ஏற்றும் வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. எனக்கு வேறு வேலையில்லை, வீட்டுக்காரர் வரும்வரை உங்களுக்கும் போக்கிடமில்லை. சொல்கிறேன்.

நான் பேசினால் அறிக்கை வாசிப்பது போலிருக்கும். என் கணவர் அப்படித்தான் சொல்வார். அவர் திருச்சியில் வேலை பார்க்கிறார், ஆகையால் அதிகம் கேட்க நேர்வதில்லை.

நான் நிலவியல் படித்தவள். முதுகலைக்கு மேல், பாறைகள் எப்படி வெடிக்கின்றன என்பதைப் பற்றி ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து முனைவர் பட்டமும் வாங்கினேன். இவ்வளவு படித்த ஒருத்தியை அரசாங்கம் என்ன செய்யச் சொல்லும்? சாலையோரம் நின்று கல் ஏற்றிப் போகும் லாரிகளை எண்ணச் சொல்லும். எட்டு ஆண்டுகள் எண்ணினேன். இந்த ஊரில் எங்கள் கனிமவளத் துறை அலுவலகத்தை மைன்ஸ் ஆபீஸ் என்பார்கள். அந்த மைன்ஸ் ஆபீஸில் நான்கு ஆண்கள், நான் ஒருத்தி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றுச்சூழல் விதிகள் வருவதற்கு முன்னால் கொடுக்கப்பட்ட கனிம அனுமதிகளையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். இன்றைய அளவுகோலுக்கு அவை பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். திருத்தக்கூடியவற்றைத் திருத்தி, திருத்த முடியாதவற்றை மூட வேண்டும். நான் பணியில் சேர்ந்த பிறகு படித்த சுற்றறிக்கைகளில் அறிவோடு எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

மொத்தம் முப்பத்தொரு கோப்புகள். கட்டு நேராக என் மேசைக்கு வந்தது. பழைய தாள், எலி மூத்திரம், தும்மல். ஒரு பெண் என்றால் பொறுமையாகச் செய்வாள் என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. பிடிவாதம் உண்டு. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இருபத்தெட்டாவது கோப்பு ஆந்தைக்கரடு. கரடு என்றால் இந்தப் பக்கத்தில் சிறு குன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கொடுத்த அனுமதி. ஒன்றரைப் பக்கம். வடக்கே புளியமரம், தெற்கே வண்டித் தடம், கிழக்கே பள்ளம், மேற்கே மேற்படியார் நிலம். இதற்குள் கல் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். எவ்வளவு ஆழம் போகலாம், தூசியை என்ன செய்ய வேண்டும், வெடி எந்த நேரத்தில் வைக்க வேண்டும், ஒரு வரி கிடையாது. கையொப்பமிட்டவருக்கு முத்து முத்தான கையெழுத்து. அழகாக எழுதும் அதிகாரிகளை நான் நம்புவதில்லை. நான் நேரில் போனபோது, அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் தொண்ணூறு அடி ஆழத்துக்கு வெறும் காற்று நின்றது.

ராக்கியண்ணன் என்பவர் குத்தகைதாரர். முதலில் அவருடைய அப்பா, பிறகு அவர். அப்பா காலத்தில் கல்லுடைக்க வெளியூரிலிருந்து குடும்பங்களைக் கூட்டி வந்து கரட்டடியிலேயே வீடு போட்டுக் கொடுத்திருக்கிறார். பதினேழு வீடுகள். கல் சுவர், மேலே தகரம். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே குழியில் இறங்குகிறார்கள். குழியின் விளிம்பிலிருந்து முதல் வீட்டுக்கு எண்பத்திரண்டு மீட்டர். இன்றைய விதிப்படி முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு இருக்கக் கூடாது. வெடி வைத்தால் கல் தெறிக்கும், சுவர் அதிரும், நுரையீரலில் மாவு படியும். அந்த விதி அந்த மனிதர்களுக்காகவே எழுதப்பட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆய்வுக்குப் போவதற்கு ஏழு நாட்களுக்கு முன்பே குத்தகைதாரருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. திருடனுக்குத் தேதி குறித்துக் கடிதம் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குச் சோதனைக்குப் போவது போல. போனோம். நானும், பொன்னுரங்கம் என்கிற நில அளவரும். பதினேழு கதவிலும் பூட்டு. அத்தனை பேரும் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி.

ராக்கியண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்தார். "வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். இந்த வீடுகள்ல யார் இருக்காங்க?"

"வீடுங்களா? வீடெல்லாம் ஏதுங்க மேடம். செட்டுங்க. குவாரி சாமான் போட்டு வெக்கறதுங்க."

"பதினேழு செட்டா?"

"சாமான் நெறைய இருக்குதுங்களே."

பொன்னுரங்கம் நாடாவை உதறிக்கொண்டே சொன்னான்: "மேடம், மூணாவது செட்டுக்குள்ள சேவல் கூவுது."

நான் வரிசையின் முதல் கதவுக்குப் போனேன். அங்கேதான் ஓபுளம்மா நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேலே ஆண் சட்டை, இடுப்பில் கறுப்புக் கயிறு, கயிற்றில் சாவி. இது என்ன அறை என்று கேட்டேன்.

"கடப்பாரை வெக்கிற ரூமுங்க மேடம்."

"கடப்பாரைக்கு வாசல்ல எதுக்குக் கோலம்?"

அவள் கோலத்தைக் குனிந்து பார்த்தாள், அதை இப்போதுதான் கவனிப்பவள் போல. "இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க" என்றாள்.

மரத்தடியே சிரித்தது. ராக்கியண்ணனும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் கதவைத் திறக்கச் சொன்னேன். அவள் முதலாளியைப் பார்த்தாள், முதலாளி கரட்டைப் பார்த்தார். திறந்தாள்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். இருமல் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று வாயில் துண்டைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தான். இருபது வருடம் வெடி வைக்கப் பாறையில் துளை போட்ட ஆள், நெஞ்சு முழுக்கக் கல் மாவு. கண்ணில் தண்ணீர் நின்றது. அடுப்பின் மேல் சோற்றுப் பானை, தொட்டேன், சூடு. கொடியில் பாவாடை, சுவரில் மூன்று சாமி படங்கள், ஜன்னல் திட்டில் மருந்துச் சீட்டு. நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். ஓபுளம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி மூலையைக் காட்டினாள்.

"அந்தாங்க மேடம், கடப்பாரை."

உண்மைதான். மூலையில் ஒரு கடப்பாரை சாய்த்து வைத்திருந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு அன்றைக்கு வரவில்லை. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதிலும் தங்களுக்கே கேடு செய்துகொள்ளப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் அறவே ஆகாது. அவர்களைக் காப்பாற்ற ஒருத்தி வெயிலில் நிற்கிறாள், அவர்கள் முதலாளிக்குச் சாட்சி சொல்கிறார்கள். பதினேழு கதவையும் திறக்க வைத்தேன். எல்லாவற்றையும் படம் பிடித்தேன். குழி விளிம்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தூரம் எடுத்தேன், தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை. எங்கள் படிவத்தில் பதினான்காவது கட்டம்: முந்நூறு மீட்டருக்குள் உள்ள கட்டுமானங்கள், எண்ணிக்கை, வகை, தூரம். நிரப்பினேன். பதினேழு. கல் சுவர், தகரக் கூரை. எண்பத்திரண்டிலிருந்து நூற்று நாற்பது மீட்டர். குறிப்பில் இப்படி எழுதினேன்: இவை கருவி அறைகள் எனப் பணியாளர்கள் தெரிவித்தனர், அக்கூற்று உண்மைக்குப் புறம்பானது, இவை குடியிருப்புகளே. சந்தேகத்துக்கு இடமில்லாத வாக்கியம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். முகவரி எப்படிக் கிடைத்தது என்று தெரியாது, பொன்னுரங்கம் சொல்லியிருப்பான். அவன் நாடாவைத் தவிர வேறெதையும் இறுக்கிப் பிடிக்கத் தெரியாதவன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அதோ, அந்தப் படியில் உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மேடம், எங்களை எழுதீட்டீங்களாமா?"

"எழுதியாச்சு. நீங்க பொய் சொன்னாலும் நான் உண்மையைத்தான் எழுதுவேன்."

"செரிங்க. பேரு எழுதுனீங்களா?"

"யார் பேரு?"

"எங்க பேருதானுங்க. மொத வீடு ஓபுளம்மா, ரெண்டாவது வீடு எங்க நாத்தனா. அப்புடி."

படிவத்தில் பெயருக்கு இடமில்லை என்றேன். கட்டுமானங்களின் எண்ணிக்கைதான் கேட்டிருக்கிறார்கள். அவள் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க ரேசன் கார்டெல்லாம் பழைய ஊரு பேருலயே கெடக்குதுங்க. கரண்டு மொதலாளி பேருல வருது. நாங்க அங்க இருக்கறோம்னு ஒரு கவுருமெண்டு காயிதத்துலயும் கெடையாதுங்க. நீங்கதான் மொதல்ல எழுதுறீங்க. ஒண்ணு, எங்களை எழுதாதீங்க. செட்டுன்னே போட்டுருங்க, நாங்க பாட்டுக்குக் கெடந்துக்கறோம். எழுதறதா இருந்தா பேரோட எழுதுங்க."

நான் எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் தெரியுமா? இருபது நிமிடம். அந்த விதி ஏன் வந்தது என்று சொன்னேன். அவள் கணவனின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னேன். சிலிக்கா என்றால் என்ன என்று படம் வரைந்துகூடக் காட்டினேன், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில். இவ்வளவு கிட்டத்தில் குடியிருப்பு இருக்கும்போது குவாரிக்கு அனுமதி கிடைக்காது, வெடி நின்றுவிடும், தூசி நின்றுவிடும் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். நன்றாகக் கேட்பாள், அதைச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, "அப்ப நாங்க எங்கீங்க போறது?" என்றாள்.

நீங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை, போக வேண்டியது குவாரி என்றேன்.

"குவாரி எப்புடிங்க போகும்" என்றாள். "அது கல்லுங்களே."

படிப்பில்லாதவர்களிடம் பேசுவதில் இதுதான் சங்கடம். நான் கொள்கையைப் பேசுகிறேன், அவள் கல்லைப் பேசுகிறாள். மளிகைச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் என் கையெழுத்து இருந்தது என்பதற்காக எடுத்துப் போனாள் என்று நினைக்கிறேன். படமும், அதற்குக் கீழே சிலிக்கா என்ற சொல்லும், அவ்வளவுதான் இருந்தது. டீ அப்படியே இருந்தது.

நான் அறிக்கையை அனுப்பினேன். நாற்பத்தோரு பக்கம், வரைபடம் ஒன்பது. மேலதிகாரி ஜெயசீலன் கூப்பிட்டுப் பாராட்டினார். "அம்மா, படிச்சவங்க எழுத்தே தனிங்க. ஒரு ஓட்டை கெடையாது" என்றார். ஓட்டை கிடையாது என்று அவர் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவர், குத்தகைதாரருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமல்லவா, குறைகளைச் சரிசெய்ய அறுபது நாள் என்று ஒரு கடிதம் போட்டார். சட்டப்படி சரி. நானும் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். கண்ட குறைகள் என்று என் அறிக்கையிலிருந்து பதினொன்றை எடுத்துப் பட்டியலிட்டிருந்தார். தடுப்பு வேலி இல்லை. தண்ணீர் தெளிப்பு இல்லை. குழிச் சுவரில் படிகள் இல்லை. பசுமை வளையம் இல்லை. ஒன்பதாவது: முந்நூறு மீட்டருக்குள் பதினேழு கட்டுமானங்கள் உள்ளன.

நான் அதைப் படித்தேன். ஒன்பதாவதைச் சரிசெய்ய முடியாது, ஆகையால் இந்தக் குவாரி மூடப்படும் என்று முடிவு செய்தேன். கரட்டையா நகர்த்த முடியும்?

ஐம்பத்தெட்டாவது நாள் பொன்னுரங்கம் தொலைபேசியில் கூப்பிட்டான். "மேடம், செட்டையெல்லாம் பிரிச்சிட்டாங்க."

"எந்த செட்டை?"

"பதினேழையுந்தான் மேடம். ரெண்டு ஜேசிபி. காலையில ஆரமிச்சு மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டாங்க. இப்ப குழி தோண்டி மரம் நட்டுட்டு இருக்கறாங்க."

மறுநாள் ராக்கியண்ணன் அலுவலகத்துக்கே வந்தார், கையில் கடிதத்தோடு. குறைகள் பதினொன்றும் நிறைவு. ஒன்பதாவதுக்கு நேராக: கட்டுமானங்கள் அகற்றப்பட்டன, புகைப்படம் இணைப்பு. நான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். என் வாயைப் பற்றி இந்த ஊரில் விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள். அவர் கோபப்படவே இல்லை.

"நீங்க சொன்னதைத்தானுங்க மேடம் செஞ்சிருக்கறேன். கிட்டத்துல கட்டடம் இருக்கக் கூடாதுன்னு எழுதுனீங்க. இப்ப இல்லீங்களே" என்றார். "எங்கப்பா காலத்துல இருந்து அவங்கள வெச்சுப் பாத்தது நாங்க. நீங்க எழுதுனதால எடுத்தாச்சு. நானா எடுத்திருந்தா ஊரு என்னைய ஏசியிருக்கும்."

வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போனார். போகும்போது பொன்னுரங்கத்தின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தாசில்தார் அலுவலகத்துக்கு எழுதினேன். நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பதினேழு குடும்பங்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்று எழுதினேன். பதினைந்து நாள் கழித்து அங்கிருந்து ஒரு எழுத்தர் பேசினார். "மேடம், லிஸ்ட் அனுப்புங்க. உங்க ரிப்போர்ட்டைப் பாத்தோம், பதினேழு கட்டுமானம்னு இருக்குது. ஒரு பேருகூட இல்லை. செவுத்துக்கும் தகரத்துக்கும் நாங்க எப்படிங்க பட்டா குடுக்கறது?"

பெயர் எடுப்பது வருவாய்த் துறையின் வேலை, என் வேலை அல்ல என்று அவரிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். அவரவர் வேலையை அவரவர் செய்தால் இந்த நாடு எங்கோ போயிருக்கும். நான் என் கட்டத்தை நிரப்பினேன். அவர்கள் தங்கள் கட்டத்தை நிரப்பியிருக்க வேண்டும். ஆட்களைத் தேடிப் போய்ப் பெயர் எடுக்கலாமே என்றேன். "எங்கீங்க மேடம் தேடறது, அவங்க இருந்த எடந்தான் இப்ப தோப்பாயிருச்சே" என்றார் எழுத்தர். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கேட்கிறீர்கள். பரவாயில்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நாங்களாக இருந்தால் என்று ஆரம்பிப்பார்கள்.

சரிபார்ப்பு ஆய்வுக்கு என்னையே அனுப்பினார்கள். வேறொருவரை அனுப்புங்கள் என்றேன். முதல் அளவு நீங்கள் எடுத்தது, இரண்டாவதும் நீங்கள் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்றார் ஜெயசீலன். தர்க்கப்படி அவர் சொன்னது சரி. போனேன். வேலி இருந்தது. தண்ணீர் லாரி இருந்தது. வேப்பமரத்தைச் சுற்றி இருநூறு புங்கங்கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு எண். அந்தத் தரையில் கொஞ்சம் நடந்தேன். முதல் வீடு இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு வாசல் கல் கிடந்தது. அதன் மேலே கோலத்தின் வெள்ளைக் கோடு பாதி இருந்தது. கல் அகற்றப்படவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். வாசல் கல் கட்டுமானம் ஆகாது, ஆகையால் எழுதவில்லை.

மிக அருகிலுள்ள குடியிருப்பு: முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர், ஒரு தோட்டத்து வீடு. காற்றில் தூசியின் அளவு முன்பிருந்ததில் பாதி. பதினான்காவது கட்டம்: இல்லை. கையொப்பமிட்டேன். பேனாவை வாங்கிக்கொள்ளப் பொன்னுரங்கம் கையை நீட்டினான். "எல்லாம் சரியா இருக்குங்களா மேடம்?" என்றான். சரியாக இருக்கிறது என்றேன். வேறென்ன எழுத முடியும்? அந்த இரண்டு அறிக்கைகளிலும் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. இந்த மாவட்டத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய கோப்பு வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்றைய அளவுகோலுக்கு முழுமையாகப் பொருந்திய முதல் பழைய குவாரி என்று ஆந்தைக்கரட்டுக்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அனுமதி நீட்டிப்பு. மற்ற முப்பது கோப்புகளையும் அதே முறையில் முடிக்கச் சொன்னார்கள். முடித்தேன். ஒரு குவாரிகூட மூடப்படவில்லை, எல்லாம் திருத்தப்பட்டன. அதன் பிறகு பதவி உயர்வு. தலைமை அலுவலகத்தில், மாநிலம் முழுவதற்கும் பழைய அனுமதிகளை மறு ஆய்வு செய்யும் பிரிவுக்கு நான் பொறுப்பாம். நான் கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை. இந்த வயதில் மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. படிவம் முன்னைவிட நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், கட்டங்களை இருபத்தாறாக்கிவிட்டார்கள்.

என் குறை என்னவென்று கேட்டால் இதுதான்: குவாரியை மூடுவதற்காக எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு அதைத் திறந்துவிட்டார்கள். என் நாற்பத்தோரு பக்கத்தைக் கெடுத்துவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் கணவரிடம் சொன்னால், "உனக்குத்தான் ப்ரமோஷன் குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்கிறார்.

ஓபுளம்மாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வீடுகளைப் பிரித்து ஒரு மாதம் இருக்கும். ஒரு காலை கதவைத் திறந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். சொல்லப்போனால் அதற்குத் தயாராகவே நின்றேன். அவள் எழுந்து நின்று, "பாத்திரம் கழுவ ஆளு வேணுங்களா மேடம்?" என்றாள்.

மற்ற குடும்பத்தார் செங்கல் சூளைக்கும் வேறு குவாரிகளுக்கும் போய்விட்டார்களாம். அவளால் போக முடியவில்லை. கணவனுக்கு இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் மருந்து, வாரம் இரண்டு முறை ஆக்ஸிஜன். நான் உடனே சரி என்றேன். மறுபேச்சே இல்லை. ஒருவருக்கு ஒரு துன்பம் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அல்ல நான். இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாள் தவறியதில்லை, மழையில்கூட. அவள் கணவன் சென்ற தை மாதம் இறந்தான். அப்போது மட்டும் மூன்று நாள் விட்டு நான்காம் நாள் ஆறரைக்கு வந்துவிட்டாள்.

எங்கிருந்து வருகிறாள் என்கிறீர்களா? மேற்குப் பக்கத்திலிருந்து வருகிறாள். அதற்கு மேல் தெரியாது. நான் கேட்டதில்லை. வேலைக்கு வருகிறவர்களின் சொந்த விஷயங்களை நோண்டுவது எனக்குப் பிடிக்காது. காலில் எப்போதும் செம்மண் இருக்கும். கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். இங்கே அருகில் எங்கேயும் செம்மண் கிடையாது, ஆகையால் கொஞ்சம் தூரம் இருக்கும்.

நான் களத்துக்குப் போகிற நாட்களில் அவளாகவே திறந்து வேலை செய்யட்டும் என்று இந்த வீட்டின் இன்னொரு சாவியை அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். நேற்று மாலை அதைத் திருப்பிக் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாச் சாவியும் ஒப்படைக்க வேண்டுமல்லவா? அதே கறுப்புக் கயிறு. இடுப்பிலிருந்து அவிழ்த்தாள். அதில் இரண்டு சாவிகள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரிப் பூட்டுக்குரியவை, இங்கே கடைகளில் அது ஒன்றுதான் கிடைக்கிறது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாள். மற்றதைத் திரும்பக் கயிற்றிலேயே முடிந்துகொண்டாள். எண்ணிச் சரிபார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அது எதனுடையது என்று கேட்டேன்.

"இதுங்களா?" என்றாள். "கடப்பாரை வெக்கிற ரூமுதுங்க மேடம்."

அந்தச் சத்தம் வீட்டுக்காரர் வண்டிதான், வந்துவிட்டார். இந்தாருங்கள், இது அவள் கொடுத்த சாவி, இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு கொஞ்சம் இறுகும், இடது பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும். நாளைக் காலை அவள் வருவாள். உங்கள் பெயரை அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.